செஞ்சி இருளரும் குழந்தை நல நிதியும்

செஞ்சி என்ற அளவில் கோட்டையே கற்றார் நினைவில் எழும். இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி என்னும் குன்றுகள் மூன்றனையும் மதிலால் வளைத்துக் கட்டிய அப்பேரரண், நாயக்கர் கையினின்று பீசப்பூர்ச் சுல்தானியர்க்கும், 1677இல் சிவாசிக்கும், நெடு முற்றுகைக்குப் பின் 1698இல் மொகலாயர்க்கும், பின்னர்ப் பிரெஞ்சியர்க்கும், 1761இல் ஆங்கிலேயர்க்கும் உரியதாயிற்று. சீனிவாசாச்சாரியார் எழுதி அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1943இல் வெளியிட்ட செஞ்சி வரலாறு இம்மாற்றங்களை ஆண்டு முறையிற் கூறும் முதன்மை நூலாக இன்றும் நிற்கின்றது. தேசிங்குராசன் கதையோ கல்லாதார் நாவிலும் வழங்குவது. 2025 சூலைத் திங்களில், மராட்டியர் படையரண்கள் பன்னிரண்டனுள் ஒன்றாக இக்கோட்டை யுனெசுகோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. ஏனைப் பதினொன்றும் மராட்டிய மாநிலத்தின, தமிழகத்தது இஃதொன்றே.

கோட்டையை ஆண்டோர் வரலாறு இவ்வாறு விரிந்து கிடப்ப, அக்குன்றுகளின் அடிவாரத்தே ஆட்சி மாற்றம் எதனாலும் நிலை மாறாது வாழ்ந்த ஒரு குடியினரைப் பற்றி அறிஞர் மிகுதியும் எழுதினாரில்லை. அவர் இருளர் எனப்படுவர். வில்லியர் என்ற பெயரும் உண்டு. அக்குடியின் குழந்தைகளைப் பேணுதற்கென ஒதுக்கப்பெற்ற பொருள் எவர் கையில் இருந்தது, எவ்வழியே சென்றது, எங்கே நின்றுபோயிற்று என்பதே இக்கட்டுரையிற் காணப்புகும் பொருள். இலக்கியத் துறையார்க்கு இஃது அயலான பொருள் எனச் சிலர் கருதலாம். கல்வெட்டிற் காணும் நெல்லளவையும் நிலக்கொடையையும் கணக்கிட்டு ஆராய்வதை நம் துறையின் பணியாகக் கொண்ட நாம், நம் காலத்து நிதியளவையைக் கணக்கிடக் கூசுதல் பொருந்தாது என்பது என் கருத்து.

செஞ்சிப் பகுதி இருளரைப் பற்றிய அச்சிட்ட குறிப்புகளுள் பயன் மிக்கது, 1906இல் வெளிவந்த தென்னார்க்காடு மாவட்ட விவரச் சுவடியில் உள்ளது. அதனைத் தொகுத்தவர் பிரான்சிசு என்னும் ஆங்கில அலுவலர். மூன்றாண்டுகளுக்குப் பின் வெளிவந்த எட்கர் தர்சுடனின் குலங்களும் குடிகளும் பற்றிய பெருந்தொகுதியிலும் அக்குறிப்பு இடம்பெற்றது. தென்னார்க்காட்டு இருளர் பெரிதும் செஞ்சி மலைகளைச் சூழ்ந்தே காணப்படுவர். ஓரிடத்தில் இரண்டு மூன்று குடிசைகளுக்கு மேல் இரா. அவை வயல்களினிடையே அமைந்த, தவழ்ந்தே புகத்தக்க வாயிலை உடைய சிறு வட்டக் குடில்கள். பயிர்க் காவலும் கிணற்று நீர் இறைத்தலும் அவர்தம் தொழில். பருவம் பொய்க்கும் காலத்தே சிறு களவிலும் ஈடுபடுவர் என்பன அக்குறிப்பின் செய்திகள். இவற்றுள் இரண்டினை நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும். ஒன்று, குடிசைகள் இரண்டு மூன்றாகச் சிதறிக் கிடந்தமை. மற்றொன்று, வறுமையைக் கூறவந்த இடத்தில் களவைக் கூறிய ஆட்சியாளர் பார்வை. இவ்விரண்டும் பின்னைய நூறாண்டு நிதி வரலாற்றைத் தீர்மானித்தன.

சங்க நூல்களில் இத்தகைய வாழ்க்கைக்கு நிகரான காட்சி ஒன்று உண்டு. கடியலூர் உருத்திரங்கண்ணனார் தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் எயினர் குடில் காட்டப்பெறுகின்றது. மகப்பெற்ற தாய் மான்தோற் படுக்கையிற் குழவியோடு குடிலினுள்ளே கிடக்கின்றாள். ஏனை எயிற்றியர், நுனியில் இரும்பு செறித்த கோலால் கரம்பை நிலத்தைக் கிளறிப் புல்லரிசி கொணர்ந்து, முன்றிலில் உள்ள நிலவுரலிற் குற்றிச் சமைக்கின்றனர். எயினரே இருளர் எனக் கூறுதற்குச் சான்றில்லை. பெயரும் தொழிலும் ஒத்த மாத்திரையானே குடிமரபை நிறுவும் வழக்கம் நம்மிடை மிகுந்துள்ளது. அதனை நான் மேற்கொள்ளேன். ஆயினும் அக்காட்சி குழந்தை நலம் பற்றிய ஒரு செய்தியைத் தெளிவாகத் தருகின்றது. ஈன்றாள் வெளியே செல்லாது குழவியோடு இருத்தற்கு வேண்டிய உணவைச் சுற்றத்து மகளிர் தேடிக் கொணர்கின்றனர். மகப்பேற்றுக் கால உதவி என இன்று நாம் சட்டத்தால் வகுப்பதனை அக்குடி தன் கைக்கோலால் வகுத்துக்கொண்டது. உதவியும் உதவுவோரும் ஒரே முன்றிலில் உளர்.

செஞ்சி இருளரிடையே இதனை ஒத்த வழக்கம் அண்மைக் காலம் வரை இருந்தது. அறுவடை முடிந்த வயலில் எலிவளை தோண்டி, எலியோடு அவ்வளையிற் சேர்ந்திருந்த நெற்கதிரையும் எடுத்துக்கொள்வர். கோட்டையினுள் இன்றும் காணத்தக்க பெரிய நெற்களஞ்சியங்கள் படைவீரர்க்காக நிறைந்தன; இருளர் களஞ்சியம் வரப்பின் அடியில் இருந்தது. எலிவளை நெல்லுக்கு உரிமை கோருவார் எவருமிலர் ஆதலின், அது முழுதும் அக்குடும்பத்துக்கே உரியதாயிற்று. இதனை இரக்கத்துக்குரிய செய்தியாக மட்டும் நோக்குதல் தவறு. தன் குழந்தையின் பசிக்கு வேண்டிய பொருளைத் தானே தேடித் தானே பங்கிடும் உரிமை, வறிய அளவிலேனும், அங்கே இருந்தது.

இனி, குழந்தைகளுக்கெனப் பொருள் ஒதுக்கிப் பேணும் முறை இப்பகுதிக்குப் புதியதன்று என்பதையும் காட்டல் வேண்டும். விழுப்புரத்திலிருந்து செஞ்சி செல்லும் வழிப்பக்கத்தே எண்ணாயிரம் என்னும் ஊர் உள்ளது. அங்குள்ள முதலாம் இராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு, வேதக் கல்லூரி ஒன்றற்கு 45 வேலி நிலம் ஒதுக்கப்பெற்றதைக் கூறுகின்றது. இளநிலை மாணாக்கர் 270 பேர், முதுநிலை மாணாக்கர் 70 பேர், ஆசிரியர் 14 பேர். மாணாக்கர் ஒவ்வொருவர்க்கும் நாள்தோறும் இத்துணை நெல் என்று பாடத்துக்கேற்ப அளவு வகுக்கப்பெற்றது. இதனை நம் கல்வி வரலாற்றாசிரியர் பலரும் பெருமையோடு எடுத்தாள்வர். பெருமைக்குரியதே. ஆயினும் அவர் பெரும்பாலும் கூறாது விடும் செய்தி ஒன்றுண்டு. அந்நிலத்தையும் அதன் விளைவையும் கண்காணித்தது அவ்வூர்ச் சபை. உண்ட பிள்ளைகளும் சபையாரும் ஒரே சமூகத்தவர். அரசன் கொடுத்தான், ஊரார் ஆண்டனர், அவர்தம் பிள்ளைகள் பயின்றனர். ஊராள்வோர் தம் பிள்ளைகளுக்குரிய பொருளைத் தாமே ஆள்வதைச் சோழ அரசு இயல்பெனக் கொண்டது. அதே நாட்டில், வரப்போரக் குடிலில் வாழ்ந்தார்க்கு அவ்வியல்பு எக்காலத்தும் வாய்த்திலது. பிற்காலத்தார் அவர்க்குப் பொருள் ஒதுக்கியபோதும், ஆளும் பொறுப்பைப் பிறரிடமே வைத்தனர். இவ்வேறுபாடே இக்கட்டுரையின் உயிர்நிலை.

ஆங்கிலேயர் ஆட்சியிற் குழந்தைக்கென வந்த முதற் பொருள், தண்டனையின் வடிவிலேயே வந்தது. 1871இல் இயற்றிய குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் விரிவுற்று, சென்னை மாகாணத்துக்கும் பொருந்துவதாயிற்று. 1911ஆம் ஆண்டுச் சட்டமும் 1924ஆம் ஆண்டுச் சட்டமும், குற்றக்குடி என அறிவிக்கப்பெற்றுக் குடியேற்றங்களில் அடைக்கப்பட்டோரின் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துத் தொழிற்பள்ளி, உழவுப்பள்ளி, சீர்திருத்தப் பள்ளி ஆகியவற்றில் வைக்கும் அதிகாரத்தை அரசுக்கு வழங்கின. ஆறு வயதுக்கு மேற்பட்டுப் பதினெட்டுக்கு உட்பட்டோர் குழந்தைகள் எனக் கொள்ளப்பட்டனர். தென்னார்க்காட்டிலேயே அசீசு நகர்க் குடியேற்றம் இச்சட்டத்தின்கீழ் நடந்தது. குழந்தைக்குக் கல்வி தருதலும் குழந்தையைத் தாயிடமிருந்து நீக்குதலும் ஒரே செயலாக எண்ணப்பட்ட காலம் அது. இச்சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இலும் நாடு முழுமையும் 1952இலும் நீங்கியது. மதுரைப் பக்கத்துக் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் 1920 முதல் எழுந்ததும் இச்சட்டத்தின் நிழலில்தான். ஆயினும் அங்கே மக்கள் ஊர்தோறும் திரளாக வாழ்ந்தமையின் பள்ளி ஊருக்குள்ளேயே அமைந்தது. இரண்டு மூன்று குடிசையினராகிய செஞ்சி இருளர்க்கு அவ்வாய்ப்பும் இல்லை.

விடுதலைக்குப் பின் நோக்கம் மாறியது. இதனை ஐயத்திற்கிடமின்றிக் கூறலாம். அரசியலமைப்பின் 46ஆம் உறுப்பு நலிந்தோர் கல்விநலனை அரசின் கடமையாக்கிற்று. 275ஆம் உறுப்பு பழங்குடியினர் நலத்துக்கு நடுவணரசின் மானியம் வழங்க வழிசெய்தது. ஐந்தாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தே, 1974–75இல், பழங்குடியினர் துணைத்திட்டம் தோன்றிற்று. தமிழகத்தில் அதன் பணி கல்வராயன், சேர்வராயன், கொல்லி, பச்சை, சவ்வாது முதலிய மலைகளை மையமாகக் கொண்டு ஒருங்கிணைந்த வளர்ச்சித் திட்டங்களாக அமைந்தது. பழங்குடியினர் திரண்டு வாழும் நிலப்பகுதியே அலகு. மலையாளிகளுக்கு இம்முறை ஓரளவு பொருந்தியது. செஞ்சி வட்டத்துக் கரம்பு நிலங்களில் சிதறிய இருளர் எந்த எல்லைக்கோட்டுக்குள்ளும் அடங்கவில்லை. மாவட்டம் என்ற அளவில் கல்வராயன் மலையோடு சேர்ந்திருந்த இணைப்பும், 2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானபோது நீங்கிற்று.

2011ஆம் ஆண்டு மக்கட்கணக்கின்படி தமிழகப் பழங்குடியினர் 7,94,697 பேர். மாநில மக்கட்டொகையில் 1.1 விழுக்காடு. அவருள் ஏறத்தாழ 1,90,000 பேர் இருளர். மலையாளிகளுக்கு அடுத்த பெருங்குடி இவரே. நடுவணரசு மிக நலிந்தவை எனக் குறித்த தமிழகத்துப் பழங்குடிகள் ஆறு. தோடர், கோத்தர், குறும்பர், பணியர், காட்டுநாயக்கர் ஆகியோரோடு இருளரும் அவற்றுள் அடங்குவர். எண்ணிக்கை மிகுதி, நலிவும் மிகுதி. இருந்தும் நிதி அணுகாமைக்குக் காரணம் அவர்தம் குடிசைகள் அமைந்த முறையே என்பது வியப்புக்குரியது.

இதற்குத் தெளிவான சான்று அங்கன்வாடி. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித்திட்டம் 1975 அக்டோபர் 2ஆம் நாள் 33 வட்டாரங்களில் தொடங்கியது. நாட்டின் குழந்தை நலப் பணிகளுள் இதனினும் பெரிது பிறிதில்லை. அதன் விதிப்படி, 400 முதல் 800 வரை மக்கள் உள்ள இடத்துக்கு ஒரு மையம். பழங்குடிப் பகுதியாயின் 300 பேர் போதும். சிறு மையம் அமைக்க 150 பேராவது வேண்டும். 1906இல் பிரான்சிசு கண்ட இரண்டு மூன்று குடிசைகளில் எத்துணைப் பேர் இருப்பர்? பதின்மர், பதினைவர் இருக்கலாம். ஊர் நடுவே உள்ள மையத்துக்கு அவர்தம் குழந்தை செல்லலாம் எனின், தாய் தந்தையர் சூளைக்கும் ஆலைக்கும் இடம் பெயர்ந்தபின் அக்குழந்தையை அழைத்துச் செல்வார் யார் என்னும் வினா எழும். விதி வகுத்தவர்மீது பழி சுமத்த வேண்டுவதில்லை. திரள்வாழ்க்கையை இயல்பெனக் கொண்ட விதி, சிதறிய வாழ்க்கையைக் காணும் கண் பெற்றிலது, அவ்வளவே.

பள்ளி வயதை அடைந்த குழந்தைக்குப் பொருள் உண்டு. அதனைப் பெறுதற்குச் சாதிச் சான்று வேண்டும். தமிழகத்தில் பழங்குடிச் சான்றினை வட்டாட்சியர் வழங்குதல் கூடாது. கோட்டாட்சியரே வழங்குதல் வேண்டும் என்பது 1989 முதல் உள்ள விதி. போலிச் சான்று பெற்றுப் பதவி கொண்டோர் பெருகியமையால் விளைந்தது இக்கடுமை. 1994இல் உச்ச நீதிமன்றம் மராட்டிய மாநிலத்து வழக்கொன்றில் சரிபார்க்கும் முறையை மேலும் இறுக்கியது. போலிகளைத் தடுத்தற்கு எழுந்த மதில், உண்மைக் குடியினரையும் வெளியே நிறுத்தியது என்பதை எவரும் மறுக்கவொண்ணாது. செஞ்சி வட்டத்தார் இச்சான்றுக்குத் திண்டிவனம் செல்லல் வேண்டும். ஒருநாட் கூலியை இழந்து, பேருந்துக் கட்டணம் செலுத்தி, பலமுறை சென்று நிற்க வேண்டும். தந்தைக்குச் சான்றில்லை எனின் மகனுக்கும் எளிதில் கிட்டாது. எழுத்தறியாத முன்னோர் பள்ளிப் பதிவேட்டில் எவ்வாறு இடம்பெற்றிருப்பர்? நிதி ஒதுக்கீட்டு அறிக்கையில் நிற்க, குழந்தை கோட்டாட்சியர் அலுவலக வாயிலில் நிற்கின்றது.

சான்று பெற்ற குழந்தைக்கு விடுதி உண்டு, உண்டுறைப் பள்ளி உண்டு. இவற்றால் கற்று உயர்ந்தோர் உளர். அதனைக் குறைத்துக் கூறேன். 1982இல் விரிவாகிய சத்துணவும், 2022இல் தொடங்கிய காலை உணவும் வீட்டிலிருந்து பள்ளி செல்லும் பிள்ளைக்கும் உதவுகின்றன. ஆனால் பழங்குடிக்கெனத் தனியே வகுத்த பொருளை நோக்கின், அதன் பெரும்பகுதி குழந்தையை வீட்டினின்று வெளியே கொணர்ந்த பின்னரே செலவாவது புலனாகும். விடுதியில் உண்ணும் பிள்ளைக்குத் தலைக்கு இவ்வளவு என உணவுப்படி உண்டு. அப்பிள்ளையின் கைக்குழந்தைத் தம்பியைக் குடிலில் வைத்துக் காக்கும் தாய்க்கு அவ்வாறு யாதும் இல்லை.

அத்தாய்க்குப் பொருள் கொடுப்பார் ஒருவர் உண்டு. அவரே முன்பணம் தரும் முதலாளி. செஞ்சி நெல் வாணிகத்துக்குப் பெயர் பெற்ற ஊர். செஞ்சி, திண்டிவனம், செங்கற்பட்டு, திருவள்ளூர்ப் பக்கங்களில் அரிசி ஆலைகளும் செங்கற் சூளைகளும் மரம் வெட்டும் பணிகளும் இருளர் உழைப்பைப் பெரிதும் நாடின. வழக்கம் இதுவாகும்: திருமணம், மகப்பேறு, நோய், சாவு ஆகியவற்றுள் ஒன்று நேர்ந்த நாளில், சில ஆயிரம் ரூபாயை மேஸ்திரியோ உடைமையாளரோ கொடுப்பர், குடும்பம் முழுதும் ஆலைக்குட் குடியேறும், கூலி கடனிற் கழியும், கடன் கழியாது. இரவெல்லாம் நெல் அவித்துப் பகலிற் களத்தில் உலர்த்தும் பணியில் சிறுவரும் துணைநிற்பர். கொத்தடிமை முறை பற்றி எழுதுவோர் இதனைக் குற்றம் என்ற அளவில் மட்டும் விளக்குவர். நிதி வரலாறு எழுதுவோன் வேறொன்றையும் காணக் கடமைப்பட்டவன். சான்று கேளாது, எல்லை வகுக்காது, வேண்டிய நாளிலேயே கைக்கு வந்த ஒரே குடும்ப நல நிதி இம்முன்பணமே. அதற்கு ஈடாகக் கொள்ளப்பட்டது குழந்தையின் பள்ளிப்பருவம். அரசின் நிதி போட்டியிட வேண்டியிருந்தது இதனோடு. அரசோ அப்போட்டி நிகழ்வதையே நெடுங்காலம் உணர்ந்ததாகத் தெரியவில்லை.

1976இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது. மீட்கப்பட்டார்க்கு மறுவாழ்வு உதவியாக 1978இல் 4,000 ரூபாய் வகுக்கப்பெற்று, 2000இல் 20,000 ஆயிற்று. 2016இல் ஆடவர்க்கு 1 இலட்சம், பெண்டிர்க்கும் குழந்தைகளுக்கும் 2 இலட்சம், மிகக் கொடிய நிலையில் இருந்தார்க்கு 3 இலட்சம் எனப் பெருகியது. தொகை பெரிது, ஆனால் முழுத்தொகையும் கிடைப்பது குற்றவாளி நீதிமன்றத்தில் தண்டிக்கப்பெற்ற பின்னரே என்பது அத்திட்டத்தின் நிபந்தனை. வழக்கு முடிய ஆண்டுகள் பலவாகும். உடனடி உதவியும் விடுவிப்புச் சான்றின்மேல் தங்கியது. அச்சான்றினை வழங்குவாரும் பெரும்பாலும் கோட்டாட்சியரே. சாதிச் சான்றுக்குச் சென்ற அதே வாயிலுக்கு மீண்டும் செல்லல் வேண்டும்.

இந்நிலை நமக்கு மட்டும் உரியதன்று. ஒப்புநோக்கத் தக்க ஒரு வழக்கு கனடா நாட்டில் நிகழ்ந்தது. அங்குள்ள தொல்குடிக் குழந்தைகள் நூறாண்டுக்கு மேலாக உண்டுறைப் பள்ளிகளில் பெற்றோரிடமிருந்து பிரித்து வைக்கப்பட்டமையை உலகம் அறியும். அப்பள்ளிகள் மறைந்த பின்னும் குழந்தைகள் வேறு வழியிற் பிரிக்கப்பட்டமை பலர் அறியாதது. தொல்குடியினர் ஒதுக்கிடங்களில் குழந்தை நலப் பணிக்கு நடுவணரசு பொருள் வழங்கிய முறையில், வீட்டினின்று நீக்கி வளர்ப்பகத்தில் வைத்த குழந்தைக்கான செலவு முழுதும் ஈடு செய்யப்பெற்றது. குழந்தை வீட்டிலேயே இருக்கும்படி குடும்பத்துக்கு உதவும் பணிக்கோ வரம்பு கட்டிய சிறு தொகையே கிடைத்தது. பிரித்தலுக்குப் பொருள் உண்டு, பிரியாமைக்கு இல்லை எனின், பணியாளர் எதனைச் செய்வர்? தொல்குடியினர் அமைப்புகள் இரண்டு 2007இல் இதனை எதிர்த்து முறையிட்டன. ஒன்பது ஆண்டுகட்குப் பின், 2016 சனவரியில், கனடிய மனித உரிமைத் தீர்ப்பாயம் இம்முறை வேற்றுமை பாராட்டுவதே எனத் தீர்த்தது. 2019இல் இயற்றிய சட்டம், தம் குழந்தை நலப் பணியைத் தாமே சட்டம் வகுத்து நடத்தும் உரிமையை அத்தொல்குடியினர்க்கு ஒப்புக்கொண்டது. 2024 பிப்ரவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. பாதிப்புற்றார்க்கு இழப்பீடாக 2,300 கோடி டாலருக்கு மேற்பட்ட தொகைக்கு 2023இல் நீதிமன்ற ஒப்புதல் கிடைத்தது. முன்னரே வீட்டிற் செலவிட்டிருக்க வேண்டிய பொருள் பின்னர் எத்துணை மடங்காயிற்று என்பதை இதனால் உணரலாம்.

கனடாவின் கொடுமையும் செஞ்சியின் நிலையும் ஒன்றல்ல. இங்கே காவலர் வந்து குழந்தையைப் பறித்துச் செல்லும் வழக்கம் சட்டமாக நிலைபெறவில்லை. விடுதிக்குப் பிள்ளையை விரும்பி அனுப்பும் பெற்றோர் பலர். ஆயினும் பொருள் செல்லும் வழி ஒத்துள்ளது. இரண்டிடத்தும் குடும்பத்தினின்று நீங்கிய குழந்தையைக் கணக்கர் எளிதில் எண்ணுவர்; குடும்பத்தோடு உள்ள குழந்தையை எண்ண அவர்க்கு ஏடு இல்லை.

இந்தியாவிலும் பழங்குடியினர் தம் நிதியைத் தாமே ஆள ஒரு சட்டம் உண்டு. பட்டியற் பகுதிகளுக்கு ஊராட்சி முறையை விரித்த 1996ஆம் ஆண்டுச் சட்டம், பழங்குடித் துணைத்திட்டங்களைக் கட்டுப்படுத்தும் அதிகாரத்தை ஊரவையும் ஊராட்சியும் பெற வழிவகுத்தது. அரசியலமைப்பின் ஐந்தாம் அட்டவணைப்படி அறிவிக்கப்பெற்ற பகுதிகளுக்கே அது பொருந்தும். தமிழகத்தில் அத்தகைய பகுதி ஒன்றேனும் இல்லை. எண்ணாயிரத்துச் சபைக்குப் பதினோராம் நூற்றாண்டில் இருந்த நிதியாளும் உரிமையை ஒத்தது இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் பழங்குடிகளுக்கு வந்தபோது, அது தமிழக எல்லையிலேயே நின்றுவிட்டது.

சட்டம் தாராத உரிமையை இருளர் சிற்சில இடங்களில் தம் முயற்சியாற் பெற்றனர். செங்கற்பட்டுப் பக்கத்தே வடநெம்மேலியில் 1978இல் பதிவாகிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் அவற்றுள் முந்தியது. காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டமும், பாம்புத்தோல் ஏற்றுமதித் தடையும் அவர்தம் பழந்தொழிலை முடித்த நேரம் அது. ரோமுலசு விட்டேகர் என்னும் பாம்பியல் அறிஞர் துணைநிற்க, நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகியவற்றைப் பிடித்து நஞ்செடுத்து மீண்டும் காட்டில் விடும் தொழில் தொடங்கிற்று. அந்நஞ்சு பாம்புக்கடி மருந்துக்கு மூலப்பொருளாகியது. இஃது ஒரு தொழிற்சங்கமே. குழந்தை நலச் சங்கம் அன்று. எனினும் முன்பணம் வாங்காத குடும்பத்தின் குழந்தை ஆலைக்குட் செல்வதில்லை என்பதால், குழந்தை நல வரலாற்றில் இதற்கு இடம் உண்டு. அதன் குறையையும் கூறவேண்டும்: ஆண்டுதோறும் எத்துணைப் பாம்பு பிடிக்கலாம் என்பதை வனத்துறையே வரையறுக்கும், ஆணை தாமதமாயின் வருவாயும் நிற்கும். பெட்டி அவருடையது, திறவுகோல் மற்றொருவர் இடுப்பில். தண்டரையில் 1986இல் தோன்றிய இருளர் மகளிர் நலச் சங்கம் மூலிகைத் தொழிலால் இதனை ஒத்த வழியிற் சென்றது.

செஞ்சிக்கு அணித்தாய் எழுந்தது, திண்டிவனத்தை மையமாகக் கொண்டு 1996இல் தோன்றிய பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கம். பேராசிரியர் பிரபா கல்விமணி அதன் தோற்றத்துக்கு ஊன்றுகோலானவர். பொய்வழக்கும் காவல்துறைக் கொடுமையும் எதிர்ப்பதே அதன் முதற்பணி. நாளடைவில் சாதிச் சான்றும் கொத்தடிமை மீட்பும் பிள்ளைகளின் கல்வியும் அதன் பணிகளாயின. இவ்வரிசை கருதற்பாலது. வெளியிலிருந்து வருவார் பள்ளியில் தொடங்குவர். இச்சங்கம் தந்தையின் சிறையினின்று தொடங்கி, பின்னர்ச் சான்றுக்கும், அதன்பின் பள்ளிக்கும் வந்தது. தந்தை சிறையிலும் தாய் ஆலையிலும் இருக்கப் பிள்ளையைப் பள்ளியில் வைப்பது இயலாது என்பதை அக்குடியினர் எவரிடமும் கேட்டறிய வேண்டியதில்லை. 2021இல் 'ஜெய் பீம்' திரைப்படத்தை ஆக்கியோர் இருளர் கல்வி அறக்கட்டளைக்கு 1 கோடி ரூபாய் வழங்கினர். ஒரு திரைப்படத்தின் வழியே இத்துணைப் பொருள் வருதல் மகிழ்ச்சிக்குரியதே. ஆண்டுதோறும் திரைப்படம் வாராது என்பதையும் உடன் எண்ணல் வேண்டும். எண்ணாயிரத்தில் அரசன் கொடுத்தது 45 வேலி நிலம். ஆண்டுதோறும் விளையும் பொருள். ஒருமுறை கொடையும் நிலைத்த கொடையும் தம்முள் வேறு என்பதைக் கல்வெட்டுப் பயின்றார்க்கு விளக்க வேண்டா.

2023 நவம்பரில் நடுவணரசு மிக நலிந்த பழங்குடியினர்க்கெனப் பெருந்திட்டம் ஒன்றை அறிவித்தது. மூன்றாண்டுகளுக்கு 24,104 கோடி ரூபாய். வீடு, குடிநீர், சாலை, விடுதி, அங்கன்வாடி எனப் பல பணிகள். இருளரும் இதற்கு உரியர். இதற்கு முன் இத்துணைப் பெரிய தொகை இக்குடிகளை நோக்கி வந்ததில்லை. இத்திட்டத்திலும் சாலை, அங்கன்வாடி முதலிய பணிகள் குடியிருப்பை அலகாகக் கொண்டே அளக்கப்படுகின்றன, செலவிடுவன துறைகளே. செஞ்சி வட்டத்தில் குடியிருப்பு என்பது எது? ஏரிக்கரையில் மூன்று குடிசை, அடுத்த ஊர் எல்லையில் நான்கு, மலையடியில் இரண்டு என உள்ளவற்றைத் தனித்தனியே எண்ணின் ஒன்றும் விதிக்கு எட்டாது. உறவால் பிணைந்த அக்குடிசைகள் யாவற்றையும் ஒரு தொகுதியாக எண்ணி, சங்கத்து மகளிர் ஒருவரையே பணியாளராக அமர்த்தி, மையத்தை ஓரிடத்தில் நிறுத்தாது குடிசைதோறும் செல்லுமாறு செய்தால் விதியும் நிறைவுறும், குழந்தையும் உண்ணும். இதற்குக் கட்டடச் செலவு வேண்டா. உறவுமுறைக் கணக்கு வேண்டும். எந்தக் குடிசை எதனோடு கொள்வினை கொடுப்பினை உடையது, அறுவடைக்குப் பின் எத்திசையிற் பெயர்வது, மகப்பேற்றுக்கு எவர் வீட்டுக்குச் செல்வது என்னும் செய்திகள் அலுவலக ஏடுகளில் இல்லை. அவை இருளர் முதுமகளிர் வாயில் உள்ளன. அவற்றைக் கேட்டு எழுதும் பயிற்சி பெற்றோர் நம் தமிழ்த்துறைகளில் நாட்டுப்புறவியல் பயிலும் முதுகலை மாணாக்கரே ஆவர். தாலாட்டுத் தொகுக்கச் செல்லும்போது இக்கணக்கையும் உடன் எழுதி வருதல் அவர்க்கு அரிதன்று.